முப்பத்தெட்டு நிமிட ஓட்டம்

ரத்தம் பத்தரை மணிக்கு வந்தது. சுண்டுவிரல் நீளக் குழாய். வெளிச்சம் படாமலிருக்க அலுமினியத் தாளைச் சுற்றியிருந்தார்கள். லேபிளில் ஒரு எண், 'பெண், வயது 7', அதற்குக் கீழே '48 மணி' என்று பேனாவால் எழுதியிருந்தது.

அந்த நாற்பத்தெட்டு எங்களுக்குப் பழக்கமானதுதான். ரத்தப் புற்றுநோய்க்கு ஒரு மருந்தை மிக அதிக அளவில் ஏற்றுவார்கள். ஏற்றத் தொடங்கி நாற்பத்தெட்டு மணி நேரத்தில் உடம்பில் அது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றுக்குக் கீழே இருந்தால் சரி. மேலே இருந்தால் சிறுநீரகம் அதை வெளியே தள்ளவில்லை என்று அர்த்தம். முறிமருந்தைக் கூட்டியாக வேண்டும். கூட்டாவிட்டால் அந்த மருந்தே குழந்தையைக் கொன்றுவிடலாம். எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு கூட்டவும் முடியாது. தேவைக்கு மேல் போனால் இரண்டு நாள் வைத்தியம் வீண்.

குழாய் வந்த கையோடு குழந்தைகள் வார்டு டாக்டர் போன் செய்தார்.

"பன்னெண்டு மணிக்கு அடுத்த முறிமருந்து ஊசி போடணும்மா. அதுக்குள்ள எனக்கு நம்பர் வேணும். முடியுமா?"

"முடியும் மேடம்."

போனில் நான் பேசுவது பெரும்பாலும் இவ்வளவுதான்.

இந்த அளவைச் சொல்லும் இயந்திரம் இங்கே எங்கள் பரிசோதனைக்கூடத்தில் மட்டும்தான் இருக்கிறது. அடுத்ததற்கு ஆறு மணி நேரம் பயணம் செய்ய வேண்டும்.

எங்கள் கூடத்தில் மூன்று அறைகள். முன்னறையில் அக்கா. ரசீது, ரிப்போர்ட், வருகிறவர்களோடு வாக்குவாதம் எல்லாம் அவள் பொறுப்பு. நடு அறையில் ரத்தம் எடுக்கும் நாற்காலி. உள்ளறையில் அத்தானும் நானும். கூடம் அத்தானுடையது. நான் வேதியியல் முடித்துவிட்டு இரண்டு வருடமாக அவரிடம் வேலை செய்கிறேன்.

இயந்திரத்துக்கு அக்கா வைத்த பெயர் மாப்பிள்ளை. படுக்க வைத்த ஃபிரிட்ஜ் அளவு இருக்கும். அறை கொஞ்சம் சூடானால் முறுக்கிக்கொள்ளும். தண்ணீரில் துளி உப்பு இருந்தால் குடிக்காது. எப்போதும் யாராவது பக்கத்தில் நின்று தாங்க வேண்டும். "வீட்ல ஒண்ணு போதாதுன்னு கடைக்கும் ஒரு மாப்பிள்ளை" என்பாள், அத்தான் காதில் விழும்படி.

மாப்பிள்ளையின் மூளை அதன் உடம்போடு திருகி வைத்த ஒரு கணினி. இயந்திரம் ஒளியைத்தான் அளக்கிறது. அந்த ஒளியை மருந்தின் அளவாக மாற்றும் கோடு கணினிக்குள் இருக்கிறது. அளவு தெரிந்த ஆறு திரவங்களை வைத்து மாதம் ஒருமுறை அந்தக் கோட்டைப் போடுவோம். இந்த மாதக் கோடு போட்டதோடு திரவங்கள் தீர்ந்துவிட்டன. புதியவை வியாழக்கிழமை வரும். அன்று திங்கட்கிழமை.

ஓட்டம் நடக்கும்போது அந்தத் திரையில் வேறு எதையும் திறக்கக் கூடாது. ஜன்னலைச் சிறிதாக்கினால்கூட ஓட்டம் பாதியில் நின்றுவிடும். இரண்டு முறை பட்டுத் தெரிந்துகொண்டோம்.

இன்னொன்றும் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். போன வருடம் ஒருநாள் கணினி தன்னைப் புதுப்பிக்கட்டுமா என்று கேட்டது. அத்தான் சரி என்று அழுத்தினார். திரும்ப எழுந்தபோது அதற்கு மாப்பிள்ளை யாரென்றே தெரியவில்லை. கம்பெனி இன்ஜினியர் வந்து சேரும்வரை நாலு நாள் இயந்திரம் சும்மா கிடந்தது. அதற்குப் பிறகு, திரையின் வலது கீழ் மூலையில், புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு வரும் இடத்தில், அத்தான் ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். காயத்துக்குப் போடும் அதே பிளாஸ்திரி. அழுக்கானால் மாற்றுவது என் வேலை.

குழாயைச் சுழற்றி, மேலே தெளிந்த திரவத்தைச் சிறு கிண்ணத்தில் எடுத்து, மாப்பிள்ளைக்குள் வைத்தேன். பதினொன்று ஐந்துக்குத் 'தொடங்கு' அழுத்தினேன். திரையில் 38:00 என்று வந்து, குறையத் தொடங்கியது.

பதினொன்று ஏழுக்குப் போன் அடித்தது. தெருவில் எல்லாக் கடைகளுக்கும் கணினி பழுது பார்க்கும் ஸ்க்ரூ அண்ணன். சட்டைப்பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருப்பதால் அந்தப் பெயர்.

"தங்கச்சி, அத்தான் இருக்காரா?"

"கையில கிளவுஸ் போட்டிருக்கார்."

"அப்ப நீயே கேட்டுக்கோ. காலையில இருந்து தெருவுல கம்ப்யூட்டர் ஒண்ணொண்ணா விழுந்துக்கிட்டிருக்கு. உங்க பக்கத்து டிராவல்ஸ்ல ஆறும் காலி. மூலை வக்கீல் ஆபீஸ் காலி. நான் ஒருத்தன், எத்தனை இடத்துக்கு ஓடுறது?"

"யாராவது ஏதாவது மெயிலைத் திறந்துட்டாங்களா?"

"அதான் இல்லம்மா. யாரும் எதையும் திறக்க வேண்டாம். கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் ஃபைல் பகிர்றோமில்ல, அந்த வசதியில ஒரு ஓட்டை இருக்கு. அது வழியா தானா உள்ள வருது, எல்லாத்தையும் பூட்டுது, அடுத்ததைத் தேடிப் போகுது. ஒரே நெட்ல இருக்கிற மெஷின் கதவையெல்லாம் வரிசையாத் தட்டும். உங்க முறை அடுத்த நிமிஷமா, அரை மணி கழிச்சான்னு சொல்ல முடியாது. ஓட்டையை அடைக்கிற பேட்ச் வந்து மூணு மாசம் ஆச்சு. நீங்க போட்டாச்சுதானே?"

நான் பிளாஸ்திரியைப் பார்த்தேன்.

"போடலை."

"அக்கா கம்ப்யூட்டர்ல?"

"அதுலயும் போடலை."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "தெரியும். உங்க அத்தானுக்கு அப்டேட்னா பேயைப் பார்த்த மாதிரி. முதல்ல நெட்டைப் பிடுங்குங்க. அப்புறம் நான் வர்றேன்."

பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் கிளப்பி மெதுவாக உரித்தேன். அடியில் மஞ்சள் எழுத்தில் இருந்தது: 'முக்கியமான பாதுகாப்புப் புதுப்பிப்பு. 87 நாட்களாகக் காத்திருக்கிறது.'

அத்தான் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று படித்தார்.

"இப்ப போட முடியாது" என்றார். "ஓட்டம் போய்க்கிட்டிருக்கு."

"போட வேண்டாம் அத்தான். நெட் கேபிளை மட்டும் எடுத்துடலாம்."

"எடுத்தா ரிசல்ட் முன்னறைக்கு எப்படிப் போகும்?"

"நான் எடுத்துக்கிட்டு நடந்து போறேன்."

"கேபிளை எடுத்து ஓட்டம் நின்னுச்சுன்னா?"

"ஓட்டத்துக்கும் கேபிளுக்கும் சம்பந்தம் இல்ல. முடிஞ்சப்புறம்தான் அது கேபிளைத் தேடும். இப்ப எடுக்கலைன்னா, பூட்டினப்புறம் கோடும் போயிடும். வியாழக்கிழமை வரைக்கும் நம்மகிட்ட கோடு இல்ல."

அத்தான் முன்னறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏய், உன் தங்கச்சி மூச்சு விடாம நாலு வாக்கியம் பேசிட்டா. ஊமைக்கோட்டானுக்கு வாய் திறந்துடுச்சு."

"அப்படின்னா விஷயம் பெருசுதான்" என்றாள் அக்கா, உள்ளே வராமலே.

நடைவழியில், கூரைக்குக் கீழே ஒரு சிறு பெட்டியில் எல்லாக் கேபிள்களும் வந்து சேரும். ஸ்டூல் போட்டு ஏறி, மாப்பிள்ளையின் கேபிளைப் பிடுங்கினேன். ஓடி வந்து திரையைப் பார்த்தேன். 33:12. 33:11. நிற்கவில்லை. அத்தான் மூச்சு விட்டார்.

அடுத்து முன்னறைச் சுவரில் இருந்த ரூட்டர்.

"அடியே, எட்டுப் பேர் ரிப்போர்ட்டுக்கு உட்கார்ந்திருக்காங்க" என்றாள் அக்கா.

"கொஞ்ச நேரம்க்கா."

"என் பேரைப் பார்த்துச் சொல்லும்மா, போன வாரம் கொடுத்த ரத்தம்" என்று ஒரு பெரியவர் எழுந்து வந்தார். "எனக்குச் சர்க்கரை இருக்கா இல்லையா? அதை மட்டும் வாயால சொல்லிடு, நான் போறேன்."

"உட்காருங்க ஐயா, சர்க்கரை எங்கயும் ஓடிடாது" என்றாள் அக்கா.

ரூட்டரை அணைத்தேன். பச்சை விளக்குகள் நான்கும் போயின. பதினொன்று பன்னிரண்டு.

உள்ளே போய் மாப்பிள்ளை முன்னால் நின்றேன். உள்ளே ஊசி இறங்கி, கிண்ணத்தைத் தொட்டு, ஏறி, நகர்ந்தது. எங்கள் வேலையில் பாதி இப்படி நிற்பதுதான். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். பதினொன்று நாற்பத்து மூன்றுக்கு எண் வந்துவிடும். பன்னிரண்டுக்குப் பதினேழு நிமிடம் மிச்சம்.

"ஏய்! இங்க வாடி! இது ஏன் சிவப்பா இருக்கு?"

அக்காவின் திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் ஒரு பூட்டின் படம். உங்கள் கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன என்று ஒரு வரி. கீழே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் எட்டிப் பார்த்து, "இது என் ரிப்போர்ட்டா?" என்றார்.

நான் மேசைக்கு அடியில் நுழைந்து மின்சார வயரைப் பிடுங்கினேன். திரை கறுத்தது. அங்கேயே, தரையில் உட்கார்ந்தபடி, சுவரைப் பார்த்தேன். ரூட்டரில் விளக்கு இல்லை. அணைத்து ஐந்து நிமிடம் ஆகிறது. நெட் இல்லாத கணினிக்குள் எந்த வழியாக வந்தது?

"அக்கா, இது வேற எதோடயாவது சேர்ந்திருக்கா?"

"எதோட?"

"வேற யார் வைஃபையோடயாவது."

அக்கா மேசையிலிருந்த ரசீதுகளை அடுக்கத் தொடங்கினாள்.

"அக்கா."

"போன மாசம் அந்த மழையில நம்ம லைன் நாலு நாள் இல்லையே, ஞாபகம் இருக்கா? டிராவல்ஸ்காரர்கிட்ட பாஸ்வேர்டு கேட்டேன். கொடுத்தார். நம்முது போனா தானா அவருதைப் பிடிச்சுக்கிற மாதிரி வெச்சிருக்கேன். நல்லதுக்குத்தானே."

ரூட்டரை அணைத்தவள் நான். அணைத்த அந்த நொடியே அக்காவின் கணினி சுவரைத் தாண்டிப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது. அங்கே ஆறு கணினிகள் காலையிலிருந்து பூட்டிக் கிடக்கின்றன. ஆறும் கதவு தட்டிக்கொண்டிருக்கின்றன.

"இதுல மட்டும்தானே?" என்று கேட்டேன்.

அக்கா உள்ளறைப் பக்கம் பார்த்தாள்.

"மாப்பிள்ளையிலயுமா?"

"ஒரு குட்டி வைஃபை ஆன்டெனா வாங்கிட்டு வந்து நான்தான் பின்னாடி செருகினேன். ஓட்டம் இல்லாத நேரத்துலதான்டி. ரிசல்ட் எல்லாம் உள்ளயே கிடந்தா நான் எப்படிப் பிரின்ட் எடுப்பேன்?"

அத்தான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்!"

"அதான் சொல்லலை."

நான் அவர்களைத் தாண்டி உள்ளே ஓடினேன். விளக்கை அணைத்தேன். மாப்பிள்ளைக்கும் சுவருக்கும் நடுவில், இருட்டில், நீல நிறத்தில் ஒரு வெளிச்சம் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

21:40.

இயந்திரம் மேடையோடு திருகப்பட்டது. ஓட்டத்தின் நடுவே அதை அசைக்கவும் கூடாது. அசைந்தால் உள்ளே ஒளி விலகும், எண் தப்பாகும். சுவர் இடைவெளியில் போன்கூட நுழையாது. எங்கள் மூவரில் என் கைதான் மெலிந்தது. முழங்கை வரை விட்டேன். சுவரின் சுண்ணாம்பு தோலை உரசியது. விரல் நுனியில் ஏதோ சின்னதாகத் தட்டுப்பட்டது. அதை ஒட்டியே இன்னொன்று. இரண்டும் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. கை மறைத்ததால் வெளிச்சம் எதிலிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

"ரெண்டு இருக்கு அத்தான்."

"தொடாதே!" அவர் குரல் கீச்சென்று வந்தது. "ஒண்ணு கம்பெனி சாவி. அது இல்லாம சாஃப்ட்வேர் ஒரு நொடிகூட ஓடாது. அதைப் பிடுங்கினா ஓட்டம் போச்சு."

"எது சாவி? இடதா, வலதா?"

"இன்ஜினியர் செருகினது. எனக்கு எப்படித் தெரியும்?"

அக்காவைப் பார்த்தோம். "நானும் இருட்டுலதான் கையை விட்டுச் செருகினேன்" என்றாள். "பக்கத்துல ஒண்ணு இருந்தது. எந்தப் பக்கம்னு… தெரியலடி."

கையை வெளியே எடுத்தேன். முழங்கையில் ரத்தம் கோடாக இறங்கியது. ஊகத்தில் ஒன்றைப் பிடுங்கலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு. அந்தக் குழந்தைக்கும் பாதிக்குப் பாதி.

"அங்க போய் அவங்க ரூட்டரை அணைச்சா போதும்" என்றேன்.

"நான் போறேன்" என்றார் அத்தான். பிறகு நின்றார். போன வாரம்தான் வண்டி நிறுத்தும் தகராறில் டிராவல்ஸ்காரரை முட்டாள் என்று நடுத்தெருவில் திட்டியிருந்தார். அக்காவின் முன்னால் எட்டுப் பேர் எழுந்து நின்று ரிப்போர்ட் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் போனேன்.

டிராவல்ஸ் அலுவலகத்தில் ஆறு சிவப்புத் திரைகள். பதினைந்து பேர் நின்றார்கள். ஒருவர் கையில் பாஸ்போர்ட்டை விசிறி போல ஆட்டிக்கொண்டிருந்தார். டிராவல்ஸ்காரர் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கி, தன் மடிக்கணினியில் யாரோ சொல்வதைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அடுத்த நாற்காலியில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே கேட்கவில்லை.

"அண்ணா! உங்க வைஃபையை அணைக்கணும்."

அவர் நிமிர்ந்தார். "என்னது?"

"உங்க வைஃபை வழியா எங்க மெஷினுக்கு வருது."

"ஏம்மா, என் பொழைப்பே பத்தி எரியுது. கம்பெனி ஆள் லைன்ல இருக்கான், நெட் வழியா உள்ள வந்து சரி பண்ணிக்கிட்டிருக்கான். நெட்டை அணைன்னு வந்து நிக்கிறே. உங்க அத்தான் அனுப்பினாரா?"

"ஏழு வயசுக் குழந்தையோட ரத்தம் ஓடிக்கிட்டிருக்கு அண்ணா. பன்னெண்டு மணிக்கு ஊசி போடணும். எங்க மெஷின் பூட்டிக்கிச்சுன்னா எவ்வளவு போடணும்னு தெரியாது. வேற மெஷின் இங்க கிடையாது."

பாஸ்போர்ட்காரர் விசிறுவதை நிறுத்தினார். போனில் ஒரு குரல், "சார், சார், விட்டுடாதீங்க, எழுபது பெர்சன்ட் வந்தாச்சு" என்றது.

"அஞ்சு நிமிஷம்மா" என்றார் டிராவல்ஸ்காரர். கெஞ்சுவது போல இருந்தது. "அஞ்சே நிமிஷம். மூணு வருஷ புக்கிங் அதுல இருக்கு."

ரூட்டர் எங்கே என்று தேடினேன். அவர் தலைக்கு மேலே, காலண்டருக்குப் பக்கத்தில், அலமாரி உச்சியில் இருந்தது. வயர் சுவரோடு இறங்கி, அவர் மனைவியின் காலடியில் உள்ள பிளக்கில் முடிந்தது.

நான் குனிந்தேன். அந்த அம்மாவின் கால் பிளக்கை மறைத்தது. அவர் என் முழங்கையில் ரத்தத்தைப் பார்த்தார். பிறகு காலை நகர்த்திக்கொண்டார்.

பிடுங்கினேன்.

"அடிப்பாவி!" என்று டிராவல்ஸ்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். போனில் குரல் நின்றிருந்தது. "என்ன காரியம் பண்ணிட்டே! உன்னை யாரு…"

"விடுங்க" என்றார் அவர் மனைவி. "காலையில இருந்து எழுபது பெர்சன்ட்லதான் நிக்குது."

"மன்னிச்சுக்கோங்கண்ணா. பதினொன்னு நாற்பத்தஞ்சு வரைக்கும் போடாதீங்க" என்றேன். பிளக்கை அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டார். அதற்குள் கணவர் கத்தத் தொடங்கியிருந்தார். நான் நிற்கவில்லை.

திரும்பி ஓடி வந்தபோது சுவரில் நீல வெளிச்சம் இல்லை. 14:10.

இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் கொடுமை. கதவு தட்டப்பட்டதா, திறந்ததா, உள்ளே ஏதாவது வந்து உட்கார்ந்திருக்கிறதா, ஒன்றும் தெரியாது. அக்காவின் கணினியும் சிவக்கும்வரை சாதாரணமாகத்தான் இருந்தது. நாங்கள் மூவரும் திரைக்கு முன்னால் நின்றோம். அத்தான் நின்ற இடத்தில் நகத்தைக் கடித்தார். அக்கா வந்து பஞ்சை எடுத்து என் முழங்கையைத் துடைத்தாள். எரிந்தது.

"நான் என்ன பண்ணிட்டேன்டி" என்றாள் மெல்ல.

அத்தான் திரும்பவில்லை. "பிளாஸ்திரி ஒட்டினது நான்" என்றார். "ரூட்டரை அணைச்சது இவ. யார் யாரைத் திட்டுறது? சும்மா இரு."

8:00. ஊசி கடைசிக் கிண்ணத்தில் இறங்கியது. 5:20. திரை ஒருமுறை மினுங்கியது. அத்தான் திரையை நோக்கிக் குனிந்தார். ஓட்டத்தின் அடுத்த கட்டத்துக்கு மாறும்போது எப்போதும் மினுங்குவதுதான். எத்தனையோ முறை பார்த்தது. 3:00. 1:00. 0:10.

2.6.

இரண்டு புள்ளி ஆறு. ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டியது.

நான் கையிலிருந்த போனால் திரையைப் படம் எடுத்தேன். ஓட்டம் முடிந்துவிட்டதால் வைஃபையையும் திரையிலேயே அணைத்தேன். அத்தான் அதற்குள் காகிதத்தில் எழுதத் தொடங்கியிருந்தார். குழாயின் எண், நேரம், அளவு, கையெழுத்து, முத்திரை. எழுத்தில் இல்லாத முடிவை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர் விதி. அதையும் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினோம். அனுப்பியதும் போன் செய்தேன்.

"மேடம், படம் வந்துச்சா? குழாய் எண் சரி பாருங்க."

"சரியா இருக்கு. ரெண்டு புள்ளி ஆறு?"

"ஆமா மேடம். காலையில தரப் பரிசோதனை சரியா வந்தது. நம்பலாம்."

"சரி." அவர் குரல் போனிலிருந்து விலகி, யாரிடமோ வேகமாக ஒரு அளவைச் சொன்னது. பிறகு திரும்பி வந்தது. "டோஸைக் கூட்டுறோம். நாளைக்குப் பத்தரைக்கு அடுத்த சாம்பிள் அனுப்புவேன். ஒண்ணுக்குக் கீழே வர்ற வரைக்கும் தினமும் பார்க்கணும். உங்க மெஷின் இருக்கும்தானே?"

நான் அத்தானைப் பார்த்தேன்.

"இருக்கும் மேடம்" என்றேன்.

ஸ்க்ரூ அண்ணன் இரண்டு மணிக்கு வந்தார். தலைமுடி கலைந்து, சட்டை நனைந்து, ஆனால் திருப்புளி பையில் இருந்தது. ஓட்டம் எதுவும் இல்லாததால் மாப்பிள்ளையை மேடையிலிருந்து கழற்றி நகர்த்தினோம். ஆன்டெனா இடது பக்கம் இருந்தது. நான் ஊகித்திருந்தால் வலதைத்தான் பிடுங்கியிருப்பேன்.

அவர் மாப்பிள்ளையின் கணினியில், நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் பட்டியலைத் திறந்து வெகுநேரம் கீழே கீழே போனார். பிறகு விரலால் ஒரு வரியைத் தொட்டார்.

"இதப் பாரு. பதினொன்னு இருபத்தெட்டு. வெளியில இருந்து ஒரு ஃபைல் வந்து இறங்க ஆரம்பிச்சிருக்கு. பாதியில அறுந்திருக்கு."

"அப்படின்னா?" என்றார் அத்தான்.

"அப்படின்னா வாசலைத் தாண்டி ஒரு காலை உள்ள வெச்சிருச்சு. அப்ப நெட் போயிடுச்சு." என்னைப் பார்த்தார். "பதினொன்னு இருபத்தெட்டுக்கு யார் என்ன பண்ணீங்க?"

"இவ டிராவல்ஸ் பிளக்கைப் பிடுங்கினா" என்று அக்கா என்னைக் காட்டினாள்.

"இப்ப அந்தப் பாதி ஃபைலை நான் அழிச்சுடலாம்" என்றார். "ஆனா வேற ஏதாவது உள்ள ஒட்டிக்கிட்டிருக்கான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஓட்டையை அடைச்சு, சுத்தம் பண்ணி, ஒருதடவை அணைச்சு எழுப்பணும். பேட்சைத் தனி டிஸ்க்ல கொண்டு வந்திருக்கேன். நெட் வேண்டாம்."

"எழுந்து வந்து மாப்பிள்ளையைத் தெரியலைன்னு சொன்னா?"

"சொல்லலாம். போன தடவை சொல்லுச்சே."

"போடலைன்னா?"

"இன்னைக்கு ராத்திரியோ நாளைக்குக் காலையிலயோ சிவக்கலாம். சிவக்காமலும் இருக்கலாம்."

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். போன வருடத்து நாலு நாட்கள் அவர் முகத்தில் தெரிந்தன. அப்போது வந்த குழாய்களை ஆறு மணி நேரப் பயணத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒரு குழாய் வழியில் வெயிலில் கிடந்து வீணானது. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

"கோட்டை முதல்ல எழுதிக்கிறேன் அத்தான்" என்றேன்.

கோட்டின் எண்கள் திரையில் நான்கு பக்கம் வந்தன. ஆறு புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் ஒளி அளவு மூன்று முறை, பிறகு கணக்கின் கெழுக்கள். கணினி எல்லாவற்றையும் மறந்தாலும் இவற்றைக் கையால் உள்ளே போடலாம். நான் எழுதினேன். அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகப் படித்துச் சரிபார்த்தாள். அத்தான் இரண்டாம் முறை சரிபார்த்தார். ஓர் இடத்தில் என் மூன்று எட்டு மாதிரி இருக்கிறது என்று திருத்தச் சொன்னார்.

பிறகு அவரே மவுஸைப் பிடித்தார். 'ஆம்' என்ற கட்டத்தின் மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தார்.

"ஸ்க்ரூ, இது போச்சுன்னா உன்னை உள்ள வெச்சு ஓட்டிடுவேன்" என்றார்.

"எனக்குச் சர்க்கரை அதிகம் சார், உங்க மாப்பிள்ளைக்கு ஒத்துக்காது."

அழுத்தினார்.

பட்டை நிரம்ப நாற்பது நிமிடம் ஆனது. திரை அணைந்தது. எழுந்தது. மறுபடி அணைந்தது. சுழலும் வட்டம் ஒன்று வந்து, போகாமல் நின்றது. அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். வட்டம் போய் மாப்பிள்ளையின் நிரல் திறந்தது. 'இயந்திரம் கிடைக்கவில்லை' என்றது.

அத்தான் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"இருங்க" என்றார் ஸ்க்ரூ அண்ணன். அவர் குரலும் சரியாக இல்லை. ஒரு பட்டியலைத் திறந்தார், எதையோ தேர்ந்தெடுத்தார், திருத்தினார். "போன தடவையும் இவ்வளவுதான் நடந்திருக்கும். எந்த வாசல்ல மாப்பிள்ளை இருக்கார்னு மறந்துடுது. நாம காட்டிக் கொடுக்கணும்."

மறுபடி தேடு என்று அழுத்தினார்.

இயந்திரத்துக்குள் கை தூக்கிய ஊசி இடது மூலைக்குப் போய், வலது மூலைக்குப் போய், தன் இடத்தில் வந்து நின்றது. கோட்டைத் திறந்தேன். நான்கு பக்கமும் இருந்தன. காகிதத்தோடு ஒப்பிட்டேன். ஒரு எண்கூட மாறவில்லை.

ஆனாலும் ஓட்டிப் பார்க்காமல் நம்ப முடியாது. தினமும் காலையில் வைக்கும், அளவு தெரிந்த தரப் பரிசோதனைத் திரவத்தை வைத்தேன்; கோடு போடும் ஆறும் தீர்ந்திருந்தாலும் இது தனியாக இருந்தது. முப்பத்தெட்டு நிமிடம். அத்தான் ஒரு தேநீர்கூடக் குடிக்கவில்லை. ஸ்க்ரூ அண்ணன் வக்கீல் ஆபீஸுக்குப் போக வேண்டியவர், போகவில்லை. முன்னறையில் பெரியவர் இன்னும் இருந்தார். அவருக்குச் சர்க்கரை இல்லை என்று அக்கா பதிவேட்டில் முடிவைத் தேடிக் கையால் எழுதிக் கொடுத்தபோது, "அப்படியா?" என்று கொஞ்சம் ஏமாற்றமாகக் கேட்டார்.

நாலே முக்காலுக்கு எண் வந்தது. வர வேண்டியது 0.90 முதல் 1.10 வரை.

1.03.

அத்தான் எழுந்து கை கழுவப் போனார். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

நான் வார்டுக்குப் போன் செய்தேன். டாக்டர்தான் எடுத்தார்.

"நாளைக்குச் சாம்பிள் அனுப்பலாம் மேடம்."

"அதுக்குத்தான் போனா? நான் எப்படியும் அனுப்பியிருப்பேனே."

"ஆமா மேடம்." வைத்துவிடலாம் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "அந்தப் பொண்ணு எப்படி இருக்கா?"

"தூங்குறா" என்றார். "எழுப்பித் தண்ணி குடிக்கச் சொல்லணும். குடிக்க மாட்டேன்னு ஒரே சண்டை."